காதும் கண்ணும் பகுதியை நிறுத்தக் கோரி

பெருமதிப்பிற்குரிய வார இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நெடுநாள் வாசகனும், எடை அளவைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். தாங்களும் தங்கள் வீட்டாரும் அலுவலகத்தில் உள்ள அனைவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். இந்த வேண்டுதலில் ‘காதும் கண்ணும்’ பகுதியை எழுதுகிற நபர் சேர்த்தி இல்லை. அவருக்கு ஒரு சளியாவது பிடிக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த நபர் வாராவாரம் ஒரு ஒலிநூலைப் பரிந்துரைக்கிறார். அதுவும் கதை இல்லையாம், கதையல்லாத நூலாம். அதோடு விடுகிறாரா என்றால் இல்லை. கீழே கட்டம் கட்டி, ‘இதைக் கேட்ட கையோடு இவற்றையும் படியுங்கள்’ என்று அதே விஷயத்தில் இரண்டு மூன்று கட்டுரைகளையும் தலையில் கட்டுகிறார். ஏன் ஐயா, கேட்டது போதாதா? ஒரு பொருளோடு இன்னொன்றைச் சும்மா சேர்த்துக் கொடுக்கிற கடையில்தான் நான் முதலில் தராசைத் தூக்கி அடித்தட்டைப் பார்ப்பேன். ஒருநாளும் என் சந்தேகம் வீண்போனதில்லை. இன்னொன்று, கதை என்றால் பொய் என்பது ஊரறிந்த விஷயம், அதில் யாரும் ஏமாற மாட்டார்கள். கதையல்லாதது என்கிறீர்களே, அதை யார் சோதித்தது? எங்கள் துறையில் ஒரு சின்ன எடைக்கல்லுக்குக்கூட முத்திரை உண்டு. தேய்ந்துபோனால் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவோம். உங்கள் நூல்களில் முத்திரை எங்கே இருக்கிறது என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

இதுகூடப் போகட்டும். அந்த நபர் எங்கள் வீட்டை வேவு பார்க்கிறார் என்பதே என் முக்கியமான புகார். தூக்கத்தைப் பற்றி ஒரு ஒலிநூலைச் சொன்னார், கூடவே குறட்டையைப் பற்றி ஒரு கட்டுரை. அந்த வாரமே என் மனைவி தலையணையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். அப்புறம் எறும்புகளைப் பற்றி ஒரு ஒலிநூல். அதற்குத் துணையாக வந்த கட்டுரை எதைப் பற்றி என்கிறீர்கள்? புற்றுக்குள் ஒரு வேலையும் செய்யாமல் சுற்றித் திரியும் எறும்புகளைப் பற்றி! என் மனைவி அதைப் படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சாய்வு நாற்காலியில் கிடந்த என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தாள். வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன். அடுத்த வாரம் மூளையைப் பற்றிய நூல், வயதானவர்கள் ஏன் சொன்னதையே சொல்கிறார்கள் என்று ஒரு கட்டுரை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நெருப்பில்லாமல் புகையுமா? எங்கள் வீட்டுச் சங்கதியை யாரோ உங்கள் ஆளிடம் ஓதுகிறார்கள். எனக்குக் கீழ்வீட்டுத் தையற்காரர் மேல்தான் சந்தேகம். ஊசி விழுந்தாலும் கேட்கிற காது அவருக்கு.

என் மனைவியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவள் அதிகம் பேசமாட்டாள். கல்யாணமானதிலிருந்து நான் பேசுவேன், அவள் கேட்பாள். வீடு அப்படித்தான் ஓடியது. தராசுத் தட்டுக்கு அடியில் மெழுகை ஒட்டி வைத்திருந்த மளிகைக்காரனை நான் கையும் களவுமாகப் பிடித்த கதையை அவளைப்போல் பொறுமையாகக் கேட்டவர்கள் யாரும் இல்லை. உங்கள் பத்திரிகையைப் படிக்க ஆரம்பித்த பிறகு இரண்டு காதிலும் எதையோ செருகிக்கொண்டு திரிகிறாள். நான் ஆரம்பித்தால் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு, “என்னங்க?” என்கிறாள். எனக்கு ஒரு காது, உங்கள் ஆளுக்கு ஒரு காது. இது என்ன நியாயம்?

ஒருநாள் அவளாகவே வந்து எதிரில் உட்கார்ந்தாள். “உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். எனக்கு ஒரு...” என்று தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து, மளிகைக்காரன் கதையில் அவன் மைத்துனன் வந்து என் காலில் விழுந்த பகுதியை அவளுக்கு நான் சரியாகச் சொல்லவில்லையோ என்று தோன்றிவிட்டது. சொன்னேன். சொல்லி முடித்துப் பார்த்தால் நாற்காலி காலியாக இருக்கிறது. அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகுதான் அலமாரி விவகாரம் தொடங்கியது. பக்கத்து அறையில் ஆள் உயரத்துக்கு ஒரு மர அலமாரி இருக்கிறது. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் மின்விசிறியை நிறுத்துகிறாள், குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்துகிறாள், வெந்நீர் ஒரு டம்ளர் குடிக்கிறாள், படியிறங்கிப் போய், “அண்ணே, கொஞ்ச நேரம் மிஷினை நிறுத்தி வைங்க” என்கிறாள். அந்தத் தையற்காரரும் நிறுத்துகிறார்! நான் கேட்டால் ஒரு பொத்தான் தைத்துத் தர ஒரு வாரம் இழுத்தடிக்கிற மனிதர். அப்புறம் இவள் அறையைத் தாழிட்டுக்கொண்டு, அலமாரியைத் திறந்து, போர்வைகளுக்கு நடுவே உட்கார்ந்து யாருடனோ பேசுகிறாள். நான் கதவில் காதை வைத்துக் கேட்டேன். ஓய்வுபெற்றாலும் ஆய்வாளர் ஆய்வாளர்தானே. அத்தனை போர்வைகளையும் தாண்டி ஒரு முணுமுணுப்புதான் வந்தது. இன்னும் நெருங்கலாம் என்று மூக்கைக் கதவு இடுக்கில் கொண்டுபோனால் தூசி ஏறித் தும்மல் வந்துவிட்டது. என் தும்மல் ஒற்றையாக வராது, மூன்றாக வரும், ஒன்றைவிட அடுத்தது பெரிதாக. மூன்றாவது தும்மலுக்குக் கீழ்வீட்டுத் தையற்காரர் வழக்கம்போல் அளவுகோலால் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார். அவருக்குத் துணி வெட்டும் கை நடுங்கிவிடுகிறதாம். உள்ளே முணுமுணுப்பு ஒரு கணம் நின்றது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் தொடர்ந்தது. அந்த நெஞ்சழுத்தத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெளியே வந்தவளிடம், “யார்கிட்ட பேசிட்டிருந்தே?” என்று கேட்டேன்.

“கேக்கறவங்ககிட்ட” என்றாள்.

இது ஒரு பதிலா? வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டேன். “அம்மா இப்பதாம்பா சந்தோஷமா இருக்காங்க, விடுங்களேன்” என்றாள் அவள். சந்தோஷமாக இருப்பது எனக்கும் தெரிகிறது. பாத்திரம் கழுவும்போது தனக்குத்தானே சிரிக்கிறாளே. எதற்கு என்பதல்லவா கேள்வி? ஆசிரியர் அவர்களே, முகம் தெரியாத உங்களிடம் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போகவேண்டும் என்பதில்லை, பக்கத்து அறையில் இருந்துகொண்டே போய்விடலாம். என் மனைவி பாதிதூரம் போய்விட்டாள். அவள் கேட்காவிட்டால் நான் யாரிடம் பேசுவேன்? சாய்வு நாற்காலியிடமா?

இப்படியே சில மாதங்கள் ஓடிய நிலையில் உங்கள் ஆள் உச்சத்துக்கே போனார். தராசின் வரலாற்றைப் பற்றி ஒரு ஒலிநூலைப் பரிந்துரைத்தார். துணைக்கு இரண்டு கட்டுரைகள், ஒன்று சந்தைகளில் போடும் கள்ள எடையைப் பற்றி, இன்னொன்று ‘சந்தேகப்படுவதே தொழிலானவர்கள்’ என்று தலைப்பு! இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? என் பெயரையும் கதவு எண்ணையும் போடாததுதான் பாக்கி. சரி, திருடனை அவன் வீட்டிலேயே பிடிப்போம் என்று அந்த நூலை முழுதாகச் சோதிக்க முடிவு செய்தேன். மனைவி கடைத்தெருவுக்குப் போன நேரமாகப் பார்த்து அதை என் கைபேசியில் வாங்கி, அவளுடைய பழைய இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஒலியைக் கூட்டினேன், இல்லை. கடைசிவரை கூட்டினேன், அப்போதும் இல்லை. வெற்றுப் பெட்டியை விற்றிருக்கிறார்கள் என்று நான் குதித்துக்கொண்டிருந்தபோது தையற்காரர் மூச்சிரைக்க மேலே ஓடிவந்தார். என்றோ ஒருநாள் செய்தி கேட்பதற்காக அவருடைய ஒலிபெருக்கிப் பெட்டியோடு என் கைபேசியைக் கம்பியில்லாமல் இணைத்தது அப்படியே இருந்திருக்கிறது. நூல் அங்கே முழங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கடைக்குள் சட்டைக்கு அளவு கொடுக்கக் கையைத் தூக்கியபடி நின்றவர் தெருமுனைப் பழக்கடைக்காரர். தூக்கிய கையை இறக்காமல், வியாபாரிகள் எடையில் எப்படியெல்லாம் ஏமாற்றுகிறார்கள் என்பதை முழுதாகக் கேட்டிருக்கிறார். அன்று முதல் அவர் எனக்கு வணக்கம் வைப்பதில்லை. தையற்காரரோ சிரித்துக்கொண்டே, “சார், பெருமைதான், யாரு இல்லேன்னா? அதுக்காக இவ்வளவு சத்தமாவா?” என்றார். எதற்குப் பெருமை? வேலை பார்த்ததற்கா, காது கேட்காமல் உட்கார்ந்திருந்ததற்கா? கதவைச் சாத்தினேன். நூலின் தொடக்கம் எனக்குப் போனது போனதுதான், அதை எப்படிப் பின்னால் தள்ளுவது என்று தெரியவில்லை.

மிச்சத்தை மொட்டைமாடியில் நடந்தபடி கேட்டு வருகிறேன். என் தீர்ப்பு இதுதான். நூலை எழுதியவர் பரவாயில்லை. கட்டுரைகளை எழுதியவர்கள் தராசை ஒருநாளாவது கையில் பிடித்தவர்களாகத் தெரியவில்லை, ஒருவர் முள் தராசையும் சுருள்வில் தராசையும் போட்டுக் குழப்பியிருக்கிறார். ஆனால் நியாயத்தைச் சொல்லவேண்டும், அதை வாசித்திருக்கும் அம்மையாரை நான் குறை சொல்லமாட்டேன். அவசரம் இல்லாத குரல். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் கொஞ்சம் பொறுக்கிறார். தட்டில் பொருளை வைத்ததும் முள் ஆடி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று பயிற்சிக்கு வரும் புதியவர்களிடம் நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், ஒருவனும் கேட்டதில்லை. அது இந்த அம்மையாருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் துறையின் சொற்களை இடறாமல் சொல்கிறார். கள்ள எடை போடுகிறவனைப் பற்றிச் சொல்லும்போது குரலில் சரியான அளவுக்கு ஒரு கோபம். இவ்வளவு நேரம் ஒருவர் பேசி நான் இடைமறிக்காமல் கேட்டது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. இப்படி ஒருவர் பேச்சுத்துணையாக வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. உடனே அதைத் துரத்திவிட்டேன்.

அந்த நல்ல வேலையையும் கெடுத்து வைத்திருக்கிறார்கள். கள்ள எடை அத்தியாயத்தின் நடுவில் பின்னாலிருந்து ஒரு ஆள் தும்முகிறான். ஒன்றல்ல, மூன்று! இடி இடிப்பதுபோல். அது போதாதென்று எவனோ எதையோ டொக் டொக்கென்று இரண்டு தட்டுத் தட்டுகிறான். அம்மையார் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்கிறார். வாசிக்கிற இடத்தில் நுழைந்து தும்முகிற அந்தக் காட்டான் யார்? இதையெல்லாம் காதில் வாங்காமலா உங்கள் ஆள் நூலைப் பரிந்துரைத்தார்?

ஆகவே, குடும்பங்களுக்குள் புகுந்து காதைத் திருடுகிற ‘காதும் கண்ணும்’ பகுதியை உடனே நிறுத்தும்படியும், அதை எழுதுகிறவரை விசாரிக்கும்படியும், இக்கடிதத்தை ஒரு வரி விடாமல் வெளியிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பத்திரிகை வளரட்டும், தங்கள் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும், தாங்கள் பொருள் வாங்கும் கடைகளில் எடை குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
எடை அளவைத் துறை ஆய்வாளர் (ஓய்வு)

பின்குறிப்பு: மேலே உள்ளதை வெளியிட வேண்டாம். உறையை ஒட்டப்போகும்போது நூலில் கடைசி அத்தியாயம் பாக்கி இருப்பது ஞாபகம் வந்தது. முழுதாகச் சோதிக்காமல் முத்திரை குத்தும் வழக்கம் எனக்கு இல்லை. மாடிக்குப் போய்க் கேட்டேன். எல்லாம் முடிந்தபின், ‘வாசித்தவர்’ என்று அதே குரல் ஒரு பெயரைச் சொன்னது. எங்கள் வாசற்கதவுப் பலகையில் என் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. நான் கீழே வந்து ஒருமுறை படித்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

அவள் அலமாரியிலிருந்து வெளியே வரும்வரை அறைவாசலில் நின்றேன். “ஏன் எங்கிட்ட சொல்லல?” என்றேன்.

“சொல்லத்தான் வந்தேன். உங்க மளிகைக்காரன் குறுக்க வந்துட்டான்.”

“அந்தத் தும்மல்?”

“எடுத்துடறோம்னு ஒலிநூல் கம்பெனிக்காரங்க சொன்னாங்க. நாந்தான் இருக்கட்டும்னேன். கள்ள எடை போடறவன் பயப்படற இடம் அது. அதுக்கு உங்க தும்மலைவிட வேற என்ன வேணும்?”

பகுதியை நிறுத்த வேண்டாம். அதை எழுதுகிறவருக்குச் சளி பிடிக்கவேண்டும் என்று சொன்னதையும் திரும்பப் பெறுகிறேன். எறும்புக் கட்டுரையில் மட்டும் என் சந்தேகம் அப்படியே இருக்கிறது. தையற்காரருக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரியுமாம், அவரை நான் மன்னிப்பதாக இல்லை. அடுத்து வாசிக்கும் நூல் எதைப் பற்றி என்று கேட்டேன். எதிரில் வந்து உட்கார்ந்து சொல்லத் தொடங்கியிருக்கிறாள். இந்த வரியை எழுதுவதைக்கூட நிறுத்தச் சொல்கிறாள். நிறுத்துகிறேன்.