டூலூத் கிளைட்டின் பதினான்கு மாடி

விடிந்ததும் விடியாததுமாகக் கணினியைத் திறந்த வென்டல் ஸ்டக்கிக்கு முகம் தொங்கிப்போனது. இரவு படுக்கும்போது கேளிக்கைப் பூங்கா ரசிகர்களின் இணைய மன்றத்தில் உச்சியில் இருந்த அவருடைய தலைப்பு, காலையில் மூன்றாம் பக்கத்துக்கு இறங்கியிருந்தது. உச்சியில் இப்போது சோளப்பொரி வாளி. பூங்காவில் ஆமை வடிவத்தில் புதிதாக விற்பனைக்கு வந்திருக்கும் அந்த வாளியின் மூடி இறுக்கமா, தளர்வா என்று நானூறு பேர் மாரடித்துக்கொண்டிருந்தார்கள்.

"குடி முழுகப் போவுது, இவனுங்களுக்கு வாளி கேக்குது!" என்று கத்தினார்.

"யாரு குடி?" என்று சமையலறையிலிருந்து மனைவி மார்லிஸ் கேட்டாள்.

"நம்ம குடிதான். ஏரி போவுது மார்லிஸ், ஏரி!"

"காபியும்தான் ஆறிப்போவுது" என்றாள் அவள்.

வென்டல் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வீடு ஃப்ளோரிடாவில், லான்டர்ன் லேக் கேளிக்கைப் பூங்காவிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். அந்தப் பூங்காவின் பைன் லாட்ஜில் 214ஆம் எண் அறை அவருக்குச் சொந்தம், வருடத்தில் ஒரே ஒரு வாரத்துக்கு மட்டும். டைம்ஷேர் என்பது அப்படித்தான். டிசம்பர் முதல் வாரம் ஸ்டக்கி தம்பதிக்கு, மற்ற வாரமெல்லாம் மற்றவர்களுக்கு.

அந்த வாரத்தின் அருமை அவருக்கல்லவா தெரியும்! மற்ற ஐம்பத்தோரு வாரமும் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் எலியும் பூனையும்தான். ஆனால் 214இன் பால்கனியில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துவிட்டால் மார்லிஸ் சாந்தமாகிவிடுவாள். சாயங்காலம் வாணவேடிக்கை தண்ணீரில் விழும்போது அவளாகவே அவர் கையைப் பிடித்துக்கொள்வாள். இருபத்திரண்டு வருடமாக இது நடக்கிறது. அந்த ஏரிதான் தன் கல்யாணத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பது வென்டலின் அசைக்க முடியாத நம்பிக்கை.

போன டிசம்பரில்தான் வந்தது வினை. லாட்ஜுக்கும் ஏரிக்கும் நடுவே நாலு பேர் அளந்து அளந்து குச்சி நட்டார்கள். ஒவ்வொரு குச்சியிலும் இளஞ்சிவப்பு நாடா. வென்டலுக்குப் பகீரென்றது. டைம்ஷேர் கம்பெனி ஒரு குச்சி நட்டால் அதன் மேல் கோபுரம் முளைக்கும் என்பது பூங்கா ரசிகர்கள் எல்லோரும் அறிந்த சங்கதி. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, தான் நாட்டாமையாக இருக்கும் 'ஏரி நண்பர்கள்' இணைய மன்றத்தில் எழுதினார்: 'ஏரியை மறைத்துப் பதினான்கு மாடி டைம்ஷேர் கோபுரம் வருகிறது. விடலாமா?'

பதினான்கு என்பது அவராகப் போட்ட கணக்கு.

"விடக் கூடாது" என்று நாற்பது பேர் பதில் போட்டார்கள். அதோடு சரி. எல்லோரும் ஒரே பக்கம் நின்றால் பேச என்ன இருக்கிறது? யாராவது பதில் போட்டால்தான் தலைப்பு மேலே ஏறும் என்பது மன்றத்தின் சட்டம். பதில் நின்றது, ஏரி இறங்கியது, வாளி ஏறியது.

சண்டைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று வென்டலுக்குப் புரிந்தது. ஆள் கிடைக்காததால் தானே ஒருவனைப் பெற்றார்.

மன்றத்தில் பொய்ப் பெயரில் இன்னோர் ஆளாகச் சேர்ந்தார். பெயர் கிளைட். ஊர் மினசோட்டாவில் டூலூத். கிளைட் முதல் நாளே எழுதினான்: "ஏரியப் பாக்கறதுக்கு எதுக்குய்யா ஃப்ளோரிடா? எங்க மாநிலத்துல பத்தாயிரம் ஏரி சும்மா கெடக்கு. கட்டுங்கய்யா கோபுரத்த!"

மன்றம் பொங்கி எழுந்தது. மத்தியானத்துக்குள் இருநூறு பதில்கள். வாளி எங்கே போனதோ தெரியவில்லை. நாட்டாமை வென்டல் கிளைட்டைப் பந்தாடினார், கிளைட் திருப்பிக் கொடுத்தான், வென்டல் மறுபடி வெளுத்தார். காலைச் சாப்பாடு சாப்பிட்டது யார், வென்டலா கிளைட்டா என்று அவருக்கே மறந்துபோனது.

ஒரு வாரம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு கிளைட் வாய் தவறி ஒரு நியாயத்தைப் பேசிவிட்டான்.

"214, 215ன்னு நாலு பேருக்கு நிரந்தரமா அறை. நாங்க மத்தவங்க பதினோரு மாசம் முன்னாடியே, காலையில எட்டு மணி அடிக்கக் காத்திருந்து அறை பதிவு பண்ற பொத்தான அமுக்கணும். அமுக்கினா 'அறை இல்லை'ன்னு வரும். கோபுரம் வந்தா எல்லாருக்கும் கெடைக்குமே?"

இந்தியானாவிலிருந்து ஒரு நர்ஸ் எழுதினாள்: "அட, இந்த மனுஷன் சொல்றது சரிதானே! ஆறு வருஷமா அமுக்கறேன். விரல்தான் தேஞ்சது."

அவள் பின்னால் ஐம்பது பேர் நின்றார்கள்.

வென்டல் பதறிப்போனார். கிளைட்டைப் பைத்தியக்காரனாக்கிவிட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்று கணக்குப் போட்டார். "பதினாலாவது மாடியிலேருந்து ஏரிக்குள்ள விழற மாதிரி ஒரு சறுக்கு வேணும்" என்று கிளைட்டை எழுத வைத்தார்.

ஐம்பது பேர் ஐந்நூறு பேரானார்கள். ஒருவன் சறுக்குக்குப் படமே வரைந்து போட்டான்.

சரி, நாட்டாமை அதிகாரம் எதற்கு இருக்கிறது? கிளைட்டை மன்றத்திலிருந்து விலக்கி வைத்தார். மறுநாள், "பேச்சுரிமை எங்கே?" என்று கூச்சல். வார இறுதியில், 'நானும் கிளைட்' என்று எழுதிய பனியனோடு முந்நூறு பேர் பூங்கா வாசலில் நின்று படம் பிடித்துப் போட்டார்கள். வென்டல் வாயை மூடிக்கொண்டு கிளைட்டைத் திரும்பச் சேர்த்தார். சேர்த்த கையோடு, பனி வாரும்போது வழுக்கி விழுந்து கிளைட்டுக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, இனி எழுத மாட்டான் என்றும் அறிவித்தார்.

ஏப்ரலில் பெட்டிகள் வர ஆரம்பித்தன. மன்றத்துக்கு இருந்த ஒரே விலாசம் வென்டலின் வீடு. மார்லிஸ் பிரித்துப் பார்த்தாள். நலம் பெற வாழ்த்தும் அட்டைகள் எண்பத்தேழு. ஆமைத் தலை வைத்த கைத்தடி ஒன்று. இந்தியானா நர்ஸ் தன் கையால் பின்னிய கம்பளி ஸ்வெட்டர். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"யாருய்யா இந்த கிளைட்?" என்றாள் மார்லிஸ். "நம்ம வீட்டு விலாசத்துல இடுப்பு ஒடிஞ்சு கெடக்கறவன்?"

வென்டல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மார்லிஸ் ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டாள்.

"அப்போ, உன்கூட நீயே சண்டை போட்டு, அதுலயும் தோத்துட்ட?"

"தோக்கல. கொஞ்சம் பின்தங்கியிருக்கேன்."

"எங்கிட்டத்தான் தோக்கறேன்னு நெனச்சேன். உன் ராசியே அப்படி." அவள் ஒரு நிமிடம் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நெஜமாவே ஏரிய மறைச்சுடுவானுங்களா வென்டல்?"

"அதுக்குத்தானே இவ்வளவு பாடு!"

"அப்போ அந்தக் கிளைட்டக் கொன்னுடு."

"செத்தா சிலை வெப்பாங்கம்மா."

"அப்ப மனசு மாறிட்டான்னு எழுது."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. கிளைட் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து உருக்கமாக எழுதினான்: "படுத்துக்கெடந்து யோசிச்சேன். ஏரிதான் பெரிசு. கோபுரம் வேண்டாம்."

இந்தியானா நர்ஸ் உடனே பதில் எழுதினாள்: "இது கிளைட் பேசல. வலி மாத்திரை பேசுது. எத்தனை பேஷன்ட்ட நான் பாத்திருக்கேன்! அவர் பேச முடியாத நேரத்துல நாமதான் அவருக்காகப் பேசணும்."

பேசினார்கள். கோபுரம் வேண்டும் என்று பதினோராயிரம் பேர் கையெழுத்துப் போட்ட மனு கம்பெனிக்குப் போனது. அன்று வென்டல் கணினியை மூடி அதன் மேல் ஒரு துணியைப் போர்த்தினார்.

டிசம்பர் வந்தது. 214இன் பால்கனியில் இருவரும் உட்கார்ந்தார்கள். குச்சிகளைக் காணோம். அந்த இடத்தில் கரையோரமாக முழங்கால் உயரத்துக்குக் கம்பி வேலி ஓடியது.

"பாத்தியா, மனையச் சுத்தி வேலி போட்டுட்டான்" என்றார் வென்டல். "நாளைக்கே தோண்டுவான்."

மார்லிஸ் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாணவேடிக்கை ஆரம்பிக்கும் முன்பே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

மறுநாள் லாட்ஜின் பெரிய கூடத்தில் ரசிகர் கூட்டம். பாதிப் பேர் 'நானும் கிளைட்' பனியனில் வந்திருந்தார்கள். கம்பெனியின் திட்டப் பிரிவிலிருந்து டெலிலா என்ற இளம்பெண் மேடையேறித் துணியை விலக்கினாள். அடியில் கோபுரத்தின் மாதிரி. வென்டல் மாடிகளை எண்ணினார். பதினான்கு. உச்சியிலிருந்து ஏரிக்குள் ஒரு நீலச் சறுக்கு இறங்கியது. கூடம் ஆரவாரத்தில் அதிர்ந்தது. இந்தியானா நர்ஸ் ஆனந்தக் கண்ணீர் விட்டாள்.

வென்டலால் பொறுக்க முடியவில்லை. மார்லிஸ் சட்டையைப் பிடித்து இழுத்தும் நிற்காமல் மேடைக்கே போய்விட்டார்.

"இந்த மனு, கையெழுத்து எல்லாம் வெறும் கண்துடைப்புதானேம்மா?" என்று கத்தினார். "யார் என்ன சொன்னாலும் கட்டறதுன்னு நீங்க போன டிசம்பர்லயே முடிவு பண்ணிட்டீங்க. இல்லேன்னு சொல்லு பாப்போம்! ஏரிக்கரையில குச்சி நட்டத என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

டெலிலா அவரைப் புரியாமல் பார்த்தாள். பிறகு, பெரியவர் மனம் கோணக் கூடாதே என்று மெதுவாகச் சொன்னாள்.

"அது முதலை கரையேறாம இருக்க வேலி போடறதுக்கு நட்ட குச்சி சார், இங்க ஒரு கோபுரம் கட்டலாம்கிறதே, உங்க மன்றத்துல கிளைட் எழுதினதப் படிச்சப்புறம்தான் எங்களுக்குத் தோணிச்சு."