ஆதரவற்ற பெண்கள் பட்டியலில் ஏனிஃபாவின் பெயர்

அன்பு மருமகன் யாமிக்கானிக்கு,

அத்தை பெர்பெத்துவா எழுதுவது. நீயும் பிள்ளைகளும் நலமென்று நம்புகிறேன். உன் சோளம் நன்றாக விளைந்ததாம், மகிழ்ச்சி.

முதலில் ஒரு திருத்தம். ஏனிஃபாவைப் பார்த்து நான் பொறாமையில் வேகிறேன் என்று அடிகுழாயடியில் பேசுகிறார்கள். பொய். உன் மாமா அவளை இரண்டாந்தாரமாகக் கூட்டி வந்த அன்றைக்கே படாத பொறாமையை எழுபத்தொரு வயதிலா படப்போகிறேன்?

ஆனால் நீ செயலாளராக இருக்கும் சுகாதாரக் குழு அவளை ஆதரவற்ற பெண்கள் பட்டியலில் சேர்த்தது தவறு. மாதம் ஒரு செவ்வாய், பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் வரும் வெள்ளை மருத்துவ வண்டி அவள் வாசலில், அதுவும் என் வேலியை ஒட்டி வந்து நிற்கிறது, நர்ஸ் இறங்கி அவள் கையைப் பிடித்துப் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறாள், அவளோ எனக்குக் கேட்கவேண்டுமென்றே டப்பாவைக் கிலுகிலுவென்று ஆட்டிக்கொண்டு கோழி விரட்டுகிறாள். நான் மழைக்காலத்தில் தலைசுற்றலோடு பதினான்கு கிலோமீட்டர் நடந்து சுகாதார நிலையம் போனால், "மாத்திரை தீந்துபோச்சும்மா, அடுத்த மாசம் வாங்க" என்றார்கள். திரும்பும் வழியில் இரண்டு முறை தரையில் உட்கார்ந்தேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

போன செவ்வாய் அந்த நர்ஸ் வேலிக்கு மேலே எட்டி, "உங்களுக்கும் பாக்கட்டுமா பாட்டி?" என்றாள். பாட்டியாம்! கன்னியர் மடத்தில் கற்ற ஆங்கிலத்தில், பூரண நலம், நன்றி என்றேன். ஏனிஃபா சிரித்தாள். "அக்கா அப்பிடித்தான் சிஸ்டர். மயங்கி விழுந்தாக்கூட முழங்கால மூடிக்கிட்டுத்தான் விழுவாங்க."

அவளுக்கு மூன்று ஆடுகள். எனக்குத் தகரக் கூரை மட்டும். பட்டியல் போட்ட கூட்டத்தில் என் பெயரைச் சொன்னபோது, "பீங்கான் தட்டில் சாப்பிடுகிறவளை ஏழையென்று எழுதாதீர்கள்" என்று நான் எழுந்து சொன்னது உண்மை. அதற்காக அப்படியே விட்டுவிடுவதா? மறுபடி வற்புறுத்துவீர்கள் என்று கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். ஆகவே அவள் பெயரை அடித்துவிடு.

மாதா உன் வீட்டைக் காக்கட்டும். பிள்ளைகளுக்கு நகம் வெட்டிவிடு.

அத்தை
பெர்பெத்துவா

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. அவள் பெயரை அடிக்காதே. இரண்டு மாதமாக ஏனிஃபா தன் மாத்திரையைப் பாதியாக உடைத்து வேலிக்கு மேலே நீட்டுகிறாள். "பிடிங்கக்கா. அவரு போனப்புறம் நாம பங்கு போட்டுக்க வேற என்ன இருக்கு?" என்பாள். நானும் வாங்கி விழுங்கினேன். என் தலைசுற்றல் குறைந்தது. இன்று காலை அவள் அடிகுழாயடியில் மயங்கி விழுந்தாள். முழங்காலை நான்தான் மூடிவிட்டேன்.

அவள் பெயருக்குக் கீழே என் பெயரை எழுது. ஏழை என்றே எழுது. யாரிடமும் வாய்ச்சொல்லாகச் சொல்லியனுப்பாதே. சேர்த்துவிட்டாய் என்று எனக்கு எழுத்தில் பதில் அனுப்பு.