கதிரை நானாவும் கழுதை மெக்கானிக்கும்

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஓடுகிற மோட்டார் சைக்கிள்களில் பாதியாவது கதிரை நானாவின் கராஜில் எஞ்சின் திறந்து மூடியவைதான். ஆனால் நானாவின் கையில் ஸ்பேனர் இருந்ததைக் கண்டவர் எவருமில்லை. கண்டதாகச் சொல்பவர் பொய் சொல்கிறார், அல்லது வேறு யாரோ ஒரு நானாவைப் பார்த்திருக்கிறார்.

ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் தகரக் கூரை போட்ட கராஜ். நடுவே ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரை. காலையில் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்து அதில் உட்கார்ந்தால் நானா மாலையில்தான் எழும்புவார் என்பது ஊர்க்கதை. சொந்தமாக மோட்டார் சைக்கிள் கிடையாது. ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன். "இதுகள நம்பி ஏறேலா தம்பி" என்றார், சுற்றிவர நின்ற வண்டிகளைக் காட்டி.

அவருடைய கராஜின் சட்டம் ஒன்றுதான்: ஒங்கட வண்டி, ஒங்கட கை. வண்டியைக் கொண்டுவந்தவரே கழற்ற வேண்டும், அவரே பூட்ட வேண்டும். நானா கதிரையில் இருந்தபடி எந்த நட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்று சொல்வார், பிழையாகத் திருப்பினால் ஏசுவார். கந்தோரில் மேசை வேலை பார்க்கும் பெரியவர்கள் வெள்ளைச் சட்டையோடு வந்து வேறு நிறத்தில் திரும்பிப் போயிருக்கிறார்கள். எங்கள் பங்குச் சுவாமியார் அங்கியை ஆணியில் கொழுவிவிட்டு கிளட்ச் மாற்றினார். அன்று அவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லைக் கேட்காததுபோல் நாங்கள் எல்லோரும் கடலைப் பார்த்தோம்.

நானாவின் தீர்ப்பு எப்போதும் சரியாக இருந்ததென்று நினைக்க வேண்டாம். வண்டியில் கடகட என்று சத்தம் கேட்கிறதென்று ஒரு வங்கி ஊழியர் வந்தார். கியர்பெட்டி என்றார் நானா. மனிதர் பகல் முழுக்கக் கியர்பெட்டியைப் பிரித்தார். கடைசியில் சத்தம் வந்தது பக்கப் பெட்டிக்குள் கிடந்த சாப்பாட்டுப் பாத்திரத்திலிருந்து. நானா அசரவில்லை. "இப்ப கியர்பெட்டி நல்லா இரிக்கி எண்டு ஒங்களுக்குத் தெரியும்தானே" என்றார். ஊழியர் நன்றி சொல்லிவிட்டுப் போனார் என்பதுதான் இதில் ஆச்சரியம்.

இனி என் கதை. என் மனைவி ரெஜினா ஆசிரியை. அவளைப் புல்மோட்டைக்கு இடம் மாற்றினார்கள். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் பள்ளிக்கூட மணிக்குப் போய்ச் சேர முடியாது. அவளுடைய பழைய ஸ்கூட்டரோ அந்தத் தூரத்துக்குத் தாங்காது. கணவன் என்ற முறையில் நான் ஒரு முடிவெடுத்தேன். ஸ்கூட்டரை விற்று, ரேடியேட்டர் வைத்த பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன். காலையில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கந்தோர் நேரத்துக்குள் திரும்பிவிடுவது என் திட்டம். "இது தண்ணியில ஓடுற சாமானா?" என்று கேட்டாள். தண்ணீரில் ஓடாது, கூலன்ட் என்ற பச்சைத் தண்ணீரால் எஞ்சின் குளிரும் என்று விளக்கத் தொடங்கினேன். நான் விளக்கத் தொடங்கினால் ரெஜினா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விடுவாள்.

சில மாதங்கள் ராஜ பவனிதான். பிறகு ஒருநாள் எஞ்சினுக்கு அடியில் பச்சைத் துளி ஒன்றைக் கண்டேன். வாட்டர் பம்புக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை. அதிலிருந்து சொட்டியது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓட்டையும் தண்ணீரும் ஓரிடத்தில் தெரிந்தால் முதலில் அடைப்போம், யோசிப்பதெல்லாம் பிறகு. பைபர் தோணிகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள் வேறெப்படி இருப்பார்கள்? தோணிக்குப் பூசும் பசையை வாங்கி வந்து, ரெஜினாவின் கறிக்கரண்டியால் குழைத்து, ஓட்டையை அடைத்தேன். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, கறுப்புப் பெயின்ட்டும் அடித்தேன். சொட்டு நின்றுவிட்டது. முற்றத்தில் படுத்துக்கொண்டு அந்த வேலைப்பாட்டை நெடுநேரம் ரசித்தேன்.

அதன் பிறகுதான் அற்புதம் நடந்தது. எஞ்சின் ஓரத்தில் ஒயில் மட்டம் பார்ப்பதற்கு ஒரு வட்டக் கண்ணாடி இருக்கும். மற்றவர்களின் வண்டியில் அந்த மட்டம் நாளாக நாளாக இறங்கும். என்னுடையதில் ஏறியது. ஒயிலைத் தானே உற்பத்தி செய்யும் வண்டி என்று கந்தோரில் சொல்லிப் பெருமைப்பட்டேன். தனக்கும் ஒரு போத்தல் பிடித்துத் தரும்படி ஒருவர் கேட்டார். அதே நாட்களில் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. வெயில் குடிக்கிறது என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினேன். ஒருபக்கம் குறைகிறது, மறுபக்கம் கூடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நான் வேலை செய்வது கணக்குப் பகுதியில் என்பதை இங்கே சொல்லாமல் விட்டிருக்கலாம்.

பிறகு கண்ணாடிக்குள் தெரிந்த ஒயில் பால்தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. நான் லேஞ்சியை எடுத்துக் கண்ணாடியை வெளியிலிருந்து துடைத்தேன்.

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியபோது எஞ்சின் இருமத் தொடங்கியது. அன்றைக்கே ரெஜினா ஒரு செய்தி சொன்னாள். புல்மோட்டையில் ஒரு அக்கா வீட்டில் அறை இருக்கிறதாம். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பதில் சொல்ல வேண்டுமாம். வண்டி சரிவராவிட்டால் அங்கே தங்கி, வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வருவதாகச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். மிகவும் அமைதியாகச் சொன்னாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நாங்கள் பிரிந்து இருந்ததில்லை. வண்டியை உருட்டிக்கொண்டு கதிரை நானாவிடம் ஓடினேன்.

"ஒயில் மூடியக் கழட்டுங்க" என்றார். கழற்றினேன். மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் மாதிரிப் படிந்திருந்தது.

"தம்பி, இது எஞ்சினா, தேத்தண்ணிக் கடையா? கூலன்ட் முழுக்க ஒயிலுக்க போயிரிக்கி. வாட்டர் பம்புக்குக் கீழ ஒரு சின்ன ஓட்ட இரிக்கும், பாருங்க."

"இல்லை நானா."

"இரிக்கணும்."

"அடைச்சிருக்கு."

நானா கதிரையின் விளிம்புக்கு வந்தார். சுற்றியிருந்தவர்கள் வேலையை நிறுத்தினார்கள். "அடச்சது ஆரு?" என்றார்.

"டவுனில ஒரு மெக்கானிக்" என்றேன்.

நானா கண்ணை மூடித் திறந்தார். "அது எஞ்சினிட வாய் தம்பி. உள்ளுக்க தண்ணிய மறிக்கிற சீல் போனா, எனக்கு ஏலா எண்டு ஒரு சொட்டு விட்டுச் சொல்லும். அந்தக் கழுத அதுட வாயப் பொத்திட்டான். தண்ணி எங்க போகும்? ஒயிலுக்கதான் போகும்."

அன்று தொடங்கியது அர்ச்சனை. நான் தினமும் கந்தோர் விட்டதும் போய்க் கழற்றுவேன். கராஜுக்குள் யார் நுழைந்தாலும் நானா அந்தக் கழுதையின் கதையை முதலிலிருந்து சொல்வார். மீன் ஏற்றுகிற லொறிக்காரர்கள் கேட்டார்கள். சுவாமியார் கேட்டுத் தலையில் கைவைத்தார். கிணற்றில் விழுந்தவன் கத்தினால் வாயில் துணி அடைக்கிறவன் அவன் என்று நானா சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சந்தேகம் வரக்கூடாதென்று, அவன் ஒரு மடையன் என்று என் பங்குக்கும் சேர்த்துக்கொண்டேன்.

ஒயிலை வடித்தபோது பேசின் நிறையப் பால்தேத்தண்ணி. அந்த நேரம் பார்த்து நானாவுக்குக் கடையிலிருந்து தேத்தண்ணி வந்தது. கிளாசையும் பேசினையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பேசினைத் தூரத்தில் வைக்கச் சொன்னார்.

பசையைச் சுரண்டி எடுப்பதுதான் பெரும்பாடு. அது இரும்பைவிடக் கெட்டியாக இருந்தது. ஒருவழியாகப் பெயர்ந்து வந்த துண்டை நானா உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "உப்புத்தாள் போட்டுத் தேச்சிரிக்கான். பெயின்ட் அடிச்சிரிக்கான். கழுதையெண்டாலும் வேல தெரிஞ்ச கழுத" என்றார். நன்றி என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது.

புதிய சீல் போட்டேன். பிறகு நல்ல ஒயில் ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, வடித்துப் பார்க்க வேண்டும். வடித்தால் மறுபடியும் பால்தேத்தண்ணி. இன்னொருமுறை ஊற்றி வடித்தால் அதே தேத்தண்ணி, பால் மட்டும் குறைவு. உள்ளே பெயாரிங் கெட்டுப்போயிருந்தால் எஞ்சினே போச்சு என்று நானா சொல்லியிருந்தார். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முதல் நாள் வந்தது. கடைசியாக ஒருமுறை ஊற்றிக்கொண்டிருந்தபோது ரெஜினா வந்தாள். கையில் போன். புல்மோட்டை அக்கா பதிலுக்குக் காத்திருக்கிறாராம்.

அப்போது கராஜே ஸ்தம்பித்தது. கதிரை நானா எழும்பினார். எழும்பி, கதிரையைத் துவாயால் துடைத்து, "இரிங்க ரீச்சர்" என்றார். அந்த இறக்கத்தில் அப்படியொன்று அதற்கு முன் நடந்ததில்லை. எவருடைய கையிலிருந்தோ ஸ்பேனர் விழுந்தது.

நின்றுகொண்டே நானா அவளுக்கும் அந்தக் கழுதையின் கதையைச் சொன்னார். நான் குனிந்து ஏற்கெனவே இறுக்கிய நட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். கறிக்கரண்டி எப்படிப் பாழானது என்று ரெஜினாவுக்குத் தெரியும். ஒரு வார்த்தையில் என்னை முடித்துவிடலாம்.

"ஓம் நானா, அந்த ஆளை எனக்கும் தெரியும்" என்றாள். எனக்குக் கை நின்றுவிட்டது. "மற்றபடி நல்ல மனுசன்."

நானா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு கழுதையைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்.

வண்டி உறுமியது. இருமல் இல்லை. சற்று ஓடவிட்டு நிறுத்தினேன். கண்ணாடியைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ரெஜினாதான் கதிரையிலிருந்து எழும்பிக் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டுப் போனை எடுத்து, "அறை வேண்டாம் அக்கா, நான் வீட்டிலயிருந்தே வருவன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கை துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டு, துடைத்த கையையே துடைத்தேன்.

புறப்படும்போது நானா மறுபடியும் கதிரையில் இருந்தார். "தம்பி, டவுன் பக்கம் போனா அந்த மெக்கானிக்கிட்டச் சொல்லுங்க. நான் ஏசினத மனசுல வெக்க வேணாம். கை நல்ல கை. இனி அடைக்க முந்தி ஒரு வார்த்த கேக்கச் சொல்லுங்க." சொல்லும்போது அவர் பார்த்தது என் கையை.

"சொல்றன் நானா" என்றேன்.

இப்போதும் சனிக்கிழமைகளில் சந்தைக்குப் போகும் வழியில் கராஜடியில் வண்டியை மெதுவாக்குவேன். நானா கதிரையில் இருந்தபடியே குரல் கொடுப்பார்: "மெக்கானிக் எப்பிடி, சுகமா?"

நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து ரெஜினா சொல்லிவிடுவாள்: "சுகம் நானா. உங்களை விசாரிச்சதாச் சொல்லச் சொன்னவர்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.