முன்பு, பின்பு

என்னைச் சுத்தக்காரன் என்று யாராவது பாராட்டினால் இன்றும் நான் பேச்சை மாற்றிவிடுவேன். சுத்தம் செய்தே மெமோ வாங்கியவன் நான்.

ஒத்தக்கடையைத் தாண்டி ஒரு பேரூராட்சியில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த புதிது. செல்போன் நோண்டத் தெரிந்தவன் என்று அலுவலகத்தின் முகநூல் பக்கத்தை என் தலையில் கட்டினார்கள். தகவல் அறியும் உரிமை மனுக்களும் என் மேஜைதான். (இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டேன், அம்புட்டுத் திமிர்.)

ஒருநாள் மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்று தகவல். வழக்கம்போல் ரோட்டோரம் பிளீச்சிங் பவுடர் கோடு போட்டோம். குப்பையை அள்ளுமுன் ஒரு போட்டோ, அள்ளியபின் ஒரு போட்டோ எடுத்து, 'முன்பு', 'பின்பு' என்று எழுதி அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். ஊரே சுத்தமாகும்போது நம் முகநூல் பக்கம் மட்டும் ஏன் அசிங்கமாகக் கிடக்கணும் என்று எனக்குத் தோன்றியது. தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்று மக்கள் எழுதியிருந்த புகார்கள் அத்தனையையும் ஒரே மத்தியானத்தில் அழித்தேன். வந்த அதிகாரி பக்கத்தைத் திறக்கவே இல்லை. மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுவாரம் ஒரு வாத்தியார், சாக்கடை மூடி உடைந்திருந்த பள்ளத்தில் ஸ்கூட்டரோடு விழுந்து கையை முறித்துக்கொண்டார். மூடியை உடைத்தது யார் என்று கேள்வி வந்ததும், அதே தெருவிலிருந்து மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் பூ ஏற்றும் மினி வேன்காரரைக் கைகாட்டி எங்கள் அலுவலகமே புகார் கொடுத்தது. வேனைக் கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்திவிட்டார்கள். அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது.

பிறகு அவர் மனைவி செல்வியின் மனு என் மேஜைக்கு வந்தது. வேன் வாங்குவதற்கு முன்பே மூடி உடைந்து கிடந்ததாம். அதைப் படம்பிடித்து எங்கள் பக்கத்தில் புகார் போட்டிருந்தாராம். அந்தப் போன் பழுதாகிவிட்டதால் புகாரின் நகல் வேண்டுமாம். அழித்தவனே பதில் எழுத வேண்டும். 'அத்தகைய ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை' என்று எழுதினேன். பொய்யில்லையே!

அது தபாலில் போகுமுன் செல்வி நேரிலேயே வந்துவிட்டார்.

"நான் போட்டது நெசம்ணே. 'நடவடிக்கை எடுக்கப்படும்'னு நீங்கதான் பதிலும் போட்டீங்க. இல்லேன்னு மட்டும் எழுதிராதீங்கண்ணே."

எழுதிய தாள் என் கைக்கடியில்தான் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி அவரை அனுப்பினேன்.

அப்போதுதான் என் பெருமையே ஞாபகம் வந்தது. அழித்த அன்று குப்பைக்கு எடுப்பதுபோலப் பக்கத்தையும் 'முன்பு', 'பின்பு' எடுத்துக் குழுவில் போட்டிருந்தேன்! தேடினேன். 'முன்பு' படத்தில் செல்வியின் புகார், உடைந்த மூடி, தேதி, கீழே என் பதில். 'பின்பு' படத்தில் ஒன்றுமில்லை, கழுவிவிட்ட மாதிரி. இரண்டுக்கும் கீழே ஆறு பேர் கைதட்டியிருந்தார்கள்.

செயல் அலுவலரிடம் காட்டினேன். "இதைக் கொடுத்தா உன் வேலைக்கே உலை தம்பி. இல்லேன்னே எழுது" என்றார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனாலும் பழைய தாளைக் கிழித்துவிட்டு, புகாரை அழித்தவன் நான் என்று எழுதி, படத்தையும் இணைத்து நீட்டினேன். இரண்டுமுறை படித்தார். பழி முழுக்க என் பேரில்தான் என்று உறுதியானதும் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையோடு எனக்கு மெமோவும் கொடுத்தார். (கைதட்டிய ஆறு பேரில் அவரும் ஒருவர். நான் அதைச் சொல்லவில்லை.)

வேன் வெளியே வந்தது. என் வேலையும் எப்படியோ தப்பியது.

அதன்பிறகு எதையும் அழிக்க எனக்குக் கை வருவதில்லை. காலை வணக்கப் படங்களால் என் செல்போன் திணறிக்கொண்டிருக்கிறது. வீட்டில் நான் துடைப்பத்தைத் தொட்டால் போதும், என் மனைவி போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

"இருங்க, 'முன்பு' எடுத்துக்கிறேன். நாளைக்கு யாராச்சும் கேட்டு வந்தா?"

பிள்ளைகள் சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் அவள் படம் எடுத்து முடிக்கும்வரை கூட்ட மாட்டேன்.