பெடியாக்கோ உள்வாசல் வென்ற படலம்

இந்தக் காலத்து மனுஷர்களுக்கு அழுவதற்குக்கூட ஒரு தாள் வேண்டியிருக்கிறது. வீட்டில் ஒருத்தி கண்ணை மூடினால், சவப்பெட்டிக்காரனைத் தேடும் முன்னே சுவரொட்டி அடிக்கும் கடைக்கு ஓடுகிறார்கள். படம் பளபளக்கிறதா, எழுத்து தங்க நிறத்தில் இருக்கிறதா, அதுதான் கவலை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தன் படிப்பதில்லை. இப்படிப்பட்ட கெட்ட காலத்தில் காவியம் பாட வேண்டியிருக்கிறது. பாடித்தான் தொலைப்போம்.

மின்சாரத் தேவியே! கொனொங்கோ நகரின் கம்பிகளில் நினைத்தால் வருகிறவளே, நினைத்தால் போகிறவளே! இந்தப் படலம் முடியும்வரையாவது நில்!

வாழி, க்வபெனா பெடியாக்கோ! போரிடவே வந்தவன் என்று பொருள்படும் பெயரைத் தொட்டிலிலேயே தரித்தோன். பொன்முலாம் உதிர்ந்த கோலைக் கையிலும், உதிராத வீம்பை நெற்றியிலும் ஏந்தியோன். வங்கி, வானொலி, வெள்ளைச் சட்டை ஆகிய மூன்றையும் ஒருசேர நம்பாதோன். மூன்றாம் வகுப்பில் பள்ளிக்கு முதுகு காட்டியதன்றி வாழ்நாளில் வேறெதற்கும் முதுகு காட்டாதோன், அன்று காட்டியதும் பிரம்பு கேட்டதனால்!

அவன் வகித்த பதவியோ சிறிதன்று. அந்நாட்டில் அரசரின் முகம் பார்த்து நேரே பேசுதல் எவர்க்கும் ஆகாது. சொல்ல வந்ததைச் சொல்லாளனிடம் சொல்ல வேண்டும், அவனுக்கு ஒச்சியமே என்று பெயர். அவன் கோலூன்றி நின்று அரசர் செவிக்குக் கடத்துவான். அரசர் முணுமுணுத்ததை அவ்வாறே ஊருக்கு முழங்குவான். சிற்றரசர் ஒருவரின் ஒச்சியமேயாக முடி நரைத்தவன் நம் தலைவன். குறுக்கே புகுந்து அரசரிடம் நேராய் வாய்திறந்த எத்தனையோ பேரைக் கோலால் விலாவில் குத்தி வெளியே தள்ளியவன். இதை மறவாதிருங்கள், பின்னால் வேண்டும்.

போருக்கு வித்து அக்காள் அப்ரஃபியின் மரணம். தொண்ணூறு கண்ட மூதாட்டி, குறைவற வாழ்ந்து போனாள். அதில் துயரம் அளவாகவே இருந்தது. அளவற்றிருந்தது வேறொன்று. சனிக்கிழமை ஈமச்சடங்கு. அதற்குமுன் சந்தை கூடும் நாளில் ஊர்ச் சுவரெல்லாம் சுவரொட்டி நிற்க வேண்டும். அதில் மூதாட்டியின் படத்துக்குக் கீழே 'குடும்பத் தலைவர்' என்றொரு வரி. அவ்வரியில் தன் பெயர். முந்தைய தலைவர் இறந்து, பங்காளிகள் முகம் கோணி இவனை ஏற்று, இன்னும் ஊர் இவனைத் தலைவனென்று தாளில் கண்டதில்லை. இதுவே முதல் தாள்.

அத்தாளைப் பிறப்பிப்பவள் அடோமா. தாள்மலையிடை வீற்றிருப்பவள், மை படிந்த விரலினள், மின்சாரம் போனால் தேவியைத் தூற்றிக்கொண்டே ஜெனரேட்டரின் கயிற்றை ஒரே இழுப்பில் இழுப்பவள். இறந்தவர் பெயர், நாள், பிள்ளைகள் ஆகியவற்றை முள்வேலி போலக் குறிகள் சூழ்ந்த எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றில் அடைப்பாள். பாணித்தாள் எனும் விதிநூலை அதன்மேல் ஏவுவாள். சுவரொட்டியும் வழிபாட்டுப் புத்தகமும் வானொலி அறிவிப்பும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளாய் வந்து விழும். குடும்பத் தலைவர் பெயரை மட்டும் வெளியிலிருந்து தருவதற்கு ஓர் இடம் விட்டிருந்தாள். பாராமீட்டர் என்பாள் அதனை. பெயர் வந்து சேராவிடில் வரி காலியாய் நிற்கக் கூடாதே என்று, அவ்விதிநூலை முதன்முதலில் எந்த வீட்டுக்கு எழுதினாளோ அவ்வீட்டுத் தலைவரின் பெயரையே உள்ளே வைத்திருந்தாள்.

அப்பெயர் யாவ் அமோவா. கொக்கோ மண்டி முகப்பில் தாயக்கட்டத்தை விடக் கொடிய டாமே பலகையின்மேல் பெடியாக்கோவின் காய்களை நாள்தோறும் தின்று கொழுத்த பகைவன்!

முதல் தாள் வெளிவந்தது. அப்ரஃபியின் முகம் முழுநிலவெனச் சிரித்தது. கீழே தங்க எழுத்தில்: குடும்பத் தலைவர், யாவ் அமோவா.

கடை வாசலில் குந்தியிருந்த அமோவா எட்டிப் பார்த்தான். அவன் சிரிப்பில் கடைத் தகரம் அதிர்ந்தது.

"யோவ் பெடியாக்கோ! பலகையில தோத்தது பத்தாதுன்னு உங்க அக்காவையும் எங்கிட்ட ஒப்படைச்சிட்டியா? சரி, வந்து உக்காரு. தலைவர் முன்னால நிக்கப்படாது."

இடி விழுந்த இரும்பு மரம்போல் நின்றான் நம் வீரன். பின் முழங்கினான்: "பொண்ணே! இந்தப் பெட்டிக்கு இவன் என்ன கொடுத்தான்?"

"யாரும் எதுவும் கொடுக்கல ஒபானின்," என்றாள் அடோமா. பெரியவர்களை அப்படித்தான் விளிப்பார்கள். "உங்க பேரைத்தான் கொடுத்தேன். இருங்க, இன்னொருக்கா."

மீண்டும் கொடுத்தாள். மும்முறை முழக்கியும் கோட்டைக் கதவு திறவாமை கண்ட படைத்தலைவன் நான்காம் முறை அதே கதவை இன்னும் உரக்கத் தட்டுவது போல, 'ஒபானின்' சேர்த்துக் கொடுத்தாள், 'ஒச்சியமே' சேர்த்துக் கொடுத்தாள், கொட்டை எழுத்தில் கொடுத்தாள். அச்சுப்பொறி மதங்கொண்ட களிறெனப் பிளிறியது, பல் நறநறவென்றது, தாள் மென்றது, தாள் உமிழ்ந்தது. உமிழ்ந்த தாள் ஒவ்வொன்றிலும் அமோவா, அமோவா, அமோவா என்று அந்தப் பாழும் பெயரே அணிவகுத்து வந்தது. (களிறு என்பது கொஞ்சம் அதிகம். பழைய பொறி, மேசைமேல் நிற்கும் அளவுதான். இருக்கட்டும்.)

கடைசியில் திரையை உற்றுப் பார்த்த அடோமா தலையில் அடித்துக்கொண்டாள்.

"புரிஞ்சு போச்சு. ஓரத்துல பூவேலை வைக்கறதுக்குப் போன வாரம் நடுவுல ஒரு வார்ப்புருவைப் புதுசா நுழைச்சேன். உங்க பேரு வெளிவாசல்ல வாங்கியாச்சு. அதை இந்த நடு ஆளு, உள்ள இருந்து அந்த வரியை எழுதறவன்கிட்ட எடுத்துக் கொடுக்கணும். இவன் கொடுக்கல. கொடுக்கலேன்னா உள்ள இருக்கறவன் ஏன்னு கேக்கவும் மாட்டான், சத்தம் போடவும் மாட்டான். வாயில ஏற்கெனவே இருக்கற பேரைச் சொல்லிட்டுப் போயிடுவான்."

"நடுவுல நிக்கறவன் சொல்லை முழுங்கிட்டான்?"

"ஆமா."

"அவனும் ஒரு ஒச்சியமேயா!" காறித் துப்பினான், தன் குலத்துக்கே இழுக்கு வந்தாற்போல். "அவன் வேண்டாம். நீ நேரா உள்ள போ. அமோவாவை அடி. என் பேரை எழுது."

"அது முறையில்ல ஒபானின். உள்ள எழுதினா அங்கேயே தங்கிடும். நாளைக்கு வாங்க, நடு ஆளைக் கைமாத்திக் கொடுக்கச் சொல்லிச் சரி பண்ணிடறேன். நீங்களே ராஜாகிட்ட யாரையும் நேரா பேச விடமாட்டீங்கள்ல?"

"ராஜா வேற. இது தகரப் பெட்டி. நாளைக்குன்னு சொல்றவளை நான் நம்பமாட்டேன். எழுது!"

அந்தோ! வாழ்நாளெல்லாம் குறுக்குவழியரை விலாவில் குத்திய அதே கோல், இன்று தானே குறுக்குவழியாய் நீண்டு திரையைத் தட்டியது. அடோமாவும் மனுஷிதான். வெளியே வரிசை நின்றது, பசி வேறு. 'அப்புறம் எடுத்துக்கலாம்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, பாராமீட்டரை விலக்கி, உள்வாசலில் அவன் பெயரைக் கல்லில் வெட்டினாற்போல் எழுதினாள். அப்புறம் எடுத்துக்கலாம் என்று எழுதப்பட்ட எதுவும் இப்புவியில் எடுக்கப்பட்டதாகச் சரித்திரமில்லை.

தாள் வந்தது. குடும்பத் தலைவர்: ஒபானின் க்வபெனா பெடியாக்கோ. வாகை சூடினான் வீரன்! சுவரொட்டிச் சுருளை வென்ற நாட்டின் கொடியெனத் தோளில் சார்த்தி, அமோவாவின் டாமே பலகையை வேண்டுமென்றே இடித்துக்கொண்டு நடந்தான். சந்தை நாளில் ஒவ்வொரு சுவரின் முன்னும் நின்று, படிக்கத் தெரிந்த ஒரே வரியைப் படித்தான்.

அவன் வென்ற உள்வாசலின் வழியே அந்த வாரத்து மரணங்கள் எல்லாம் நுழைந்தன. தச்சர் வீட்டுக் கிழவர், மீன்காரியின் மாமியார், தேவாலயத்து மணியடிப்பவர். ஒவ்வொரு வீட்டாரும் படத்தைப் பார்த்தார்கள், தங்கத்தைப் பார்த்தார்கள், வாங்கிப்போய் ஒட்டினார்கள். தலைவர் வரியை ஒருவரும் பார்க்கவில்லை. வெளியூர்ச் சொந்தங்கள் மட்டும் பார்த்தார்கள்.

சில நாளில், பொழுது விடியும்போதே பெடியாக்கோவின் முற்றத்தில் கறுப்பும் சிவப்புமாய்த் துக்கத்துணி உடுத்த அந்நியர் கூட்டம். வந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்து, அவன் குடித்தபின்னரே வந்த காரியம் கேட்பது அந்நாட்டு முறை, பகைவனாயினும் விலக்கில்லை. கொடுத்தான். கேட்டான். தச்சரை எந்த வண்டியில் கொண்டுவருகிறாய் என்றான் ஒருவன். மாமியாருக்கு எந்தப் பாதிரியார் என்றாள் ஒருத்தி. மணியடிப்பவரின் மருமகனோ இவன் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதே விட்டான். தட்டிக்கொடுத்தான் வீரன், யாரென்று தெரியாமலே. முற்றத்துப் பானையில் ஒரே ஒரு குவளைத் தண்ணீர் மிஞ்சியது.

கடைசியாய் வந்தான் அமோவா, கையில் ஒரு தாளோடு. நிதானமாக உட்கார்ந்தான். நீட்டிய தண்ணீரை, சொட்டு மிச்சமின்றி, ரசித்துக் குடித்தான்.

"வந்த காரியம்?" என்றான் பெடியாக்கோ, பல்லைக் கடித்து.

"எங்க பெரியம்மா தவறிட்டாங்க. தாள்ல பார்த்தேன், நீதான் தலைவராம்." முழங்கால் மடித்துக் கும்பிட்டான் அந்தப் பாவி. "எப்பப் புதைக்கறதா உத்தேசம், தலைவரே?"

கோலூன்றி, அந்நியரும் பகையும் பின்தொடர, கடைக்குப் பாய்ந்தான் வீரன். அடோமா ஏற்கெனவே ஊராரிடம் வசவு வாங்கி முடித்திருந்தாள். உள்வாசல் எழுத்தை அழித்து, நடு ஆளைக் கைமாற்றிக் கொடுக்க வைத்து, தாள்களையெல்லாம் மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தாள். தச்சர் தாளில் தச்சர் வீட்டார், அமோவா தாளில் அமோவா, அப்ரஃபியின் தாளில் பெடியாக்கோ.

"பாருங்க ஒபானின். ஒவ்வொருத்தர் பேரும் அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுச்சு. கைமாறினா எல்லாம் சரி."

தாளை வெளிச்சத்தில் பிடித்தான். திருப்பினான். முகர்ந்தான். பெட்டியின் பின்புறம் போய்க் குனிந்து, நடுவில் எவனாவது நிற்கிறானா என்று பார்த்தான். பிறகு நிமிர்ந்து, கோலைத் தரையில் அறைந்து, இறுதி முழக்கம் செய்தான்:

"இன்னைக்குச் சொல்லிட்டான். ஒரு தடவை சொல்லை முழுங்கினவன் மறுபடி முழுங்கமாட்டான்னு யார் கண்டா!"

"யோவ், ஒரு ஆட்டம் போடலாம் வா," என்றான் அமோவா.

திரும்பிப் பார்க்காமல் நடந்தான் மாவீரன். செம்மண் புழுதி அவன் குதிகாலில் குங்குமமென எழுந்தது, சுவர்தோறும் ஒட்டப்பட்ட அவன் பெயர்மீது உரியவர் பெயரை ஒட்டும் பசைவாளிகள் எதிர்ப்பட்டன, வானம் கறுத்தது, தேவி கம்பிகளை விட்டு நீங்கினாள், ஊர் முழுதும் ஒரு கணம் இருண்டு, மூச்சடக்கி நின்றது.

பெரியவர் வீட்டுக்குப் போய், நேற்று மிஞ்சிய கென்கே எனும் சோள உருண்டையை மிளகாய்த் துவையலோடு தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டார்.