மொத்தத்தில் மழை குறைவு

என் பேச்சைக் கேட்டுக் கெட்டவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால், முதல் பெயர் என் தாய்மாமனுடையது. (இரண்டாவது பெயர் இல்லை. அதன்பிறகு யாரும் கேட்கவில்லை.)

நான்கு வருஷத்துக்கு முன், விவசாயப் பட்டம் வாங்கிய சூட்டோடு செங்கல்பட்டில் வேளாண் அலுவலகத்தில் சேர்ந்தேன். புரட்டாசியில் ஒரு சைக்ளோஸ்டைல் தாள் வந்தது: வடகிழக்குப் பருவமழை இம்முறை மொத்தத்தில் வழக்கத்தைவிடக் குறைவாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறிப் படாளத்தில் மாமா வீட்டில் போய் இறங்கினேன்.

மாமாவுக்கு ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கர். அதில் விளையும் சம்பா நெல்தான் வீட்டில் ஆறு பேருக்கு வருஷச் சோறு. இந்தத் தடவை நெல் வேண்டாம், வேர்க்கடலை போடுங்கள் என்றேன். காரணங்களை ஒன்று முதல் ஒன்பது வரை நம்பர் போட்டு எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

"அது பள்ளம்மா. ஏரி ரொம்பினா தண்ணி அங்கதான் வந்து நிக்கும்" என்றார் மாமா.

"ஏரி நிரம்பினால்தானே, மாமா?" என்று சிரித்தேன். (அந்தச் சிரிப்புக்கு இன்றும் என்னை நானே அறையலாம்.)

அக்கா பெண் ஆபீசர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த மனுஷன், மறுக்க முடியாமல் கடலை விதைத்தார். ஐப்பசி முழுக்க வெயில். பக்கத்து வயல்களில் நெல் வாடியது. நம் கடலை பூத்தது. நான் பத்தாவது காரணம் எழுதினேன்.

கார்த்திகையில் மாமல்லபுரத்துக்கு நேரே கடலில் ஒரு புயல் வந்து உட்கார்ந்தது. மூன்று நாள் ஊற்றியதில் ஏரி வழிந்தது. வாடிய நெல் தண்ணீரில் தலைதூக்கி நின்றது, கடலை அழுகியது.

மறுவாரம் மாமா அலுவலகத்துக்கே வந்து, நாரில் கோத்த இரண்டு விரால் மீனை என் ஃபைல்மேல் வைத்தார்.

"உன் கடலைக் கொல்லையில புட்ச்சது. உரிச்சித் துன்னு."

கணிப்பு தப்பில்லை, மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் மழை குறைவுதான் என்று நிதானமாக விளக்கினேன்.

"சர்தாம்மா. அந்த மொத்தத்தையும் மூணே நாள்ல கொட்டும்னு எந்த நம்பர்ல எழுதிகீற?"

ஒன்பதிலும் இல்லை, பத்திலும் இல்லை.

பருவ முடிவில் கூட்டியபோது மழை குறைவாகவே இருந்தது. கணிப்பு பலித்ததென்று மேலதிகாரி பாராட்டினார். மாமா வீட்டில் அந்த வருஷம் முழுக்க ரேஷன் அரிசி.

இப்போதும் அங்கே சாப்பிட உட்கார்ந்து, கொஞ்சமாகப் போடுங்கள் என்றால், அத்தை சட்டியோடு என் இலையில் கவிழ்ப்பாள்.

"பயப்படாதம்மா. மொத்தத்துல கம்மிதான்."