ஜாக்கிரதை சார் வீட்டில் பீச் காப்ளர்

செல்போன் வீடியோவில் சமையல் சொல்லிக்கொண்டிருந்த பெண் "எக்காரணம் கொண்டும் கலக்காதீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் ஜாக்கிரதை சார் கலக்கிவிட்டார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கண்ணாடிப் பாத்திரத்தில் அடியில் உருக்கிய வெண்ணெய், அதன் மேல் மாவுக் கரைசல், அதற்கும் மேல் டின்னிலிருந்து கொட்டிய பீச் பழத் துண்டுகள். மூன்றும் பேச்சுவார்த்தை நின்றுபோன சொந்தக்காரர்கள் மாதிரி தனித்தனியாகக் கிடந்தன. பார்த்தால் யாருக்குத்தான் கரண்டி எடுக்கத் தோன்றாது?

"கலக்கினா மாவு மேல எழும்பி வராது," என்றாள் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே. "மத்தபடி இந்தக் காப்ளர் ரொம்ப ஈஸிங்க!"

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்னம்மா உனக்கு?" என்று போனைப் பார்த்துக் கத்தினார்.

ஜாக்கிரதை சார் தீயணைப்பு நிலைய அதிகாரி. பாதுகாப்பு வகுப்பு எடுக்கப் போகிற இடமெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை 'ஜாக்கிரதை' போடுவார். நிலையத்து ஆட்கள் முதலில் முதுகுக்குப் பின்னால் அப்படிக் கூப்பிட்டார்கள். அப்புறம் மரியாதைக்கு ஒரு 'சார்' சேர்த்து நேரிலேயே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் வீட்டில் அறைக்கு ஒரு தீயணைப்பான், அறைக்கு ஒரு புகை அலாரம். குளியலறையையும் விட்டுவைக்கவில்லை.

அப்படிப்பட்டவர் அன்றைக்கு ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றதற்குக் காரணம், அவர் மனைவியின் பிறந்தநாள்.

கல்யாணமான புதிதில் ஓட்டல் ஒன்றில் ஒரே தட்டில், பழத்தையும் மாவையும் சேர்த்துச் சுடுகிற இந்தப் பீச் காப்ளரை வாங்கிச் சாப்பிட உட்கார்ந்தார்கள். இவர் ஒரு வாய் வைத்ததும் நிலையத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. போட்டது போட்டபடி ஓடினார். மிச்சத்தை அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள். அதற்கப்புறம் அவளுடைய பிறந்தநாள் வந்தாலே ஊரில் எங்கேயாவது ஒன்று பற்றிக்கொள்ளும். அவள் ஒரு வருஷமாவது சண்டை போட்டிருந்தால் இவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "பரவாயில்லைங்க, பத்திரமா வாங்க" என்பாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

இந்த வருஷம் லீவு போட்டுவிட்டார். அந்தக் காப்ளரைத் தன் கையால் செய்து, அதே மாதிரி ஒரே தட்டில், கடைசி வாய் வரை கூடவே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"ஏங்க, பேசாம கடையில வாங்கிடலாமே," என்று காலையில் அவள் சொல்லிப் பார்த்தாள்.

"கடையில வாங்கினா நான் செஞ்சதாகுமா?"

"நீங்க வெந்நீர் வெச்சே நான் பார்த்ததில்லையே."

"சாயங்காலம் வரைக்கும் வீட்டுப் பக்கமே தலைகாட்டக் கூடாது. கிளம்பு, கிளம்பு!"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது சிரிப்பை அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

கலக்கிய கலவை இப்போது கஞ்சி மாதிரி ஆடியது. ஜாக்கிரதை சார் அதில் மாவைக் கொட்டினார். கட்டி கட்டியாகிவிட்டது. கட்டியைக் கரைக்கப் பாலை ஊற்றினார். திரும்பவும் கஞ்சி. திரும்பவும் மாவு. "பால் நிறுத்து! மாவு விடு! பால் விடு!" என்று தனக்குத்தானே உத்தரவு போட்டு, தானே "சரி சார்" சொல்லிக்கொண்டதில் பாத்திரம் விளிம்பு வரை நிறைந்துவிட்டது. அதை இரண்டு கையாலும் ஏந்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேக் சுடுகிற ஓவனுக்குள் தள்ளினார்.

கொஞ்ச நேரத்தில் நல்ல வாசனை வந்தது. குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஓரமெல்லாம் பழச்சாறு குமிழ் விட்டுக் கொதித்து, வழிந்து, கீழே சூட்டில் சொட்டிப் புகைந்தது.

புகை!

அப்புறம் நடந்ததை அவர் செய்தார் என்று சொல்ல முடியாது. இத்தனை வருஷ சர்வீஸ் செய்தது. ஓவன் கதவு திறந்தது, தீயணைப்பானின் ஊக்கு பறந்தது, வெள்ளைப் பொடி புஸ்ஸென்று பாய்ந்தது. பாத்திரம், ஓவன், சுவர், அவருடைய மீசை, எதுவும் தப்பவில்லை.

"ஓரத்துல சாறு வழிஞ்சு லேசா புகைஞ்சா பயந்துடாதீங்க," என்றாள் போன் பெண். "அதான் இதுல ருசியே!"

ஜாக்கிரதை சார் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

எல்லாவற்றையும் துடைத்துக் கழுவி முடிப்பதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. நல்லவேளை, பீச் இன்னொரு டின் இருந்தது. ஆனால் வெண்ணெய் இல்லை, பால் இல்லை, பேக்கிங் பவுடரும் இல்லை. கடைக்குப் போக நேரமும் இல்லை. மாடி ஏறி மேல் வீட்டு டெய்லரம்மாவின் கதவைத் தட்டினார். அவ்வளவு மரியாதையான பொம்பளை, எப்போது போனாலும் "உட்காருங்க சார், டீ குடிங்க" என்று நாற்காலியை இழுத்துப் போடுவாள். இன்றைக்குக் கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் திறந்தது.

"என்ன சார், தலையெல்லாம் ஒரே வெள்ளை?"

"வயசாகுதும்மா. கொஞ்சம் வெண்ணெய் இருக்குமா?"

டெய்லரம்மா திருதிருவென்று விழித்தாள். "வெண்ணெயா சார்? இப்பத்தான் தீர்ந்துச்சு."

"பேக்கிங் பவுடர்?"

"அதுவும் இப்பத்தான்..."

"பாலாவது?"

"பால் இருக்கு. இருங்க!"

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே குசுகுசுவென்று பேச்சுச் சத்தம். பிறகு இடுக்கு வழியாக ஒரு கை பால் பாக்கெட்டை நீட்டியது.

"உள்ள யாரு, விருந்தாளியா?"

"டி.வி. சார், டி.வி.!" கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

'ஒரு கரண்டி வெண்ணெய்க்கு இப்படிப் பயப்படுறாங்களே' என்று முணுமுணுத்தபடி இறங்கி வந்தார்.

வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் ஊற்றினார். பேக்கிங் பவுடருக்குப் பதில் கை ஓயும் வரை மாவை அடித்தார். இந்தத் தடவை கலக்கவில்லை. கரண்டியை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். எல்லாம் சரி, ஆனால் நேரமாகிவிட்டது. சூட்டை இரட்டிப்பாக்கினால் பாதி நேரத்தில் வெந்துவிடாதா? ஓவனின் திருகை ஒரே திருகாகக் கடைசி வரை திருகினார்.

முதலில் சமையலறை அலாரம்தான் அலறியது. ஸ்டூல் போட்டு ஏறி அதன் பேட்டரியைப் பிடுங்கினார். கூடத்து அலாரம் அலறியது. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடினார். அதை அடக்கினால் படுக்கையறை. அதை அடக்கினால் குளியலறை. "அடுப்பை விட்டு ஒரு அடி நகரக் கூடாது, ஜாக்கிரதை" என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்த மனுஷன், ஓவன் ஒரு பக்கம் எரிய, குளியலறையில் ஸ்டூல் மேல் நின்று பேட்டரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது பாத்திரத்தில் கரிதான் இருந்தது. ஓவனை அணைத்து, ஜன்னலைத் திறந்து புகையை வெளியே விரட்டிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எத்தனை பேர் வீட்டைக் காப்பாற்றியாயிற்று, பெண்டாட்டிக்கு ஒரு தட்டுப் பலகாரம் செய்ய முடியவில்லையே!

எழுந்தபோதுதான் ஜன்னல் வழியாகத் தெரு கண்ணில் பட்டது. வாசலில் சிவப்பு வண்டி. அவருடைய வண்டி! அவருடைய ஆட்கள்! சைரன் கூடப் போடாமல் பூனை மாதிரி வந்து நிற்கிறார்கள்.

ஜன்னல் புகையைப் பார்த்து எவனோ போன் பண்ணியிருக்கிறான். நாளைக்கு ஊரெல்லாம் இதே பேச்சாக இருக்கும். மானம் கப்பலேறிவிட்டது. ஆனாலும் தன் மானத்தைக் காப்பாற்ற சைரனை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்களே என்று நினைத்தபோது நெஞ்சு குழைந்தது. வெள்ளை மீசையும் கரி மூஞ்சியுமாக வாசலுக்கு ஓடி, இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"ஒண்ணுமில்லய்யா, திரும்பிப் போங்க! ஒரு பலகாரம் கருகிப்போச்சு, அவ்வளவுதான். தீயெல்லாம் கிடையாது!"

ஆட்கள் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஒருவரும் நிற்கவில்லை. அவருடைய கைக்கு அடியில் குனிந்து, குழாயை இழுத்துக்கொண்டு மாடிப்படியில் தடதடவென்று ஏறினார்கள்.

"யோவ், எங்கய்யா போறீங்க? என் வீடு கீழ இருக்கு!"

வண்டி ஓட்டுகிறவர் மட்டும் கீழேயே நின்றார். ஜாக்கிரதை சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சைரன் போடாம வந்தே பாரு, அது போதும்யா. இந்த உதவியைச் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"சார், சைரன் வேண்டாம்னு போன்ல சொன்னதே உங்க வீட்டம்மாதான், நீங்க செய்யறது எப்படியும் தேறாது, நைசா மாத்தி வெச்சுட்டு 'நீங்க செஞ்சது பிரமாதம்'னு சொல்லணும்னு காலையிலேருந்து மேல் வீட்ல அவங்களும் ஒண்ணு சுட்டுக்கிட்டிருந்தாங்களாம், இப்ப புகையறது அதுதான்!"